கீமோ நடக்கும்போதே தணிப்புச் சிகிச்சைக்குப் போகலாமா?

ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 63 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. இடுப்பெலும்பிலும் கீழ் முதுகெலும்பிலும் பரவியிருக்கிறது. இரண்டு கீமோ முடிந்துவிட்டது. மூன்றாவதற்குத் தேதி கொடுத்த புற்றுநோய் மருத்துவர், அதே சீட்டில் ‘வலி மற்றும் நோய்த் தணிப்புப் பிரிவையும் பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அண்ணன், ‘டாக்டர் கையை விரித்துவிட்டார், நேராகச் சொல்ல மனமில்லாமல் இப்படி எழுதியிருக்கிறார்’ என்று இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே போனால் கீமோவை நிறுத்திவிடுவார்களா? கடும் வலிக்கான மார்ஃபின் மருந்தைக் கொடுத்து அப்பாவை மயக்கத்திலேயே வைத்துவிடுவார்களா? எந்த டாக்டரிடம் போகிறோம் என்று அப்பாவிடம் என்ன சொல்வது?

போங்கள். இந்த வாரமே போங்கள். கீமோ தேதியையும் தவறவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டியவை என்பதால்தான் உங்கள் மருத்துவர் இரண்டையும் ஒரே சீட்டில் எழுதியிருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. நோயின் வலியையும் மற்றத் தொல்லைகளையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் 17 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மருந்தின் அளவு பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது உங்கள் அப்பாவைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் வேலை. ஆனால் சீக்கிரம் வந்தவர்களையும் தாமதித்து வந்தவர்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் அண்ணனின் பயம். அது வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நம் ஊரில் பல ஆண்டுகளாக எங்கள் பிரிவுக்கு ஆட்களை அனுப்பியதே, ‘இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்று சொல்லும் நாளில்தான். பக்கத்து வீட்டுக்காரரோ சித்தப்பாவோ எங்களிடம் வந்து பத்தே நாளில் இறந்திருப்பார். பார்த்தவர்கள் ‘அங்கே போனார், போய்விட்டார்’ என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். உங்கள் அண்ணன் கண்ணால் கண்டதிலிருந்துதான் பயப்படுகிறார். ஆனால் அவர் கண்டது, காலம் கடந்து அனுப்பியதன் விளைவு.

இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. தணிப்புச் சிகிச்சையை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘பாலியேட்டிவ்’ என்ற சொல், போர்வையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1970-களில் கனடாவின் மாண்ட்ரியலில் பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவை மருத்துவர் இந்தத் துறைக்கு அந்தப் பெயரை வைத்தார். குளிரில் நடுங்குபவரைப் போர்த்துவது என்ற நல்ல பொருள்தான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜனங்கள் நடுங்கினார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தின் பெரிய புற்றுநோய் மருத்துவமனையான எம்.டி. ஆண்டர்சனில், 2007-இல் அந்தப் பிரிவின் பெயரை ‘ஆதரவுச் சிகிச்சை’ என்று மாற்றினார்கள். மருத்துவர்களும் மருந்தும் மாறவில்லை. ஆனால் பெயர் மாறிய பிறகு அங்கே அனுப்பப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 41 விழுக்காடு கூடியது. வெளிநோயாளிகள் முன்பைவிடச் சீக்கிரமாகவும் வந்தார்கள். அதாவது, அனுப்பும் மருத்துவர்களே அந்தப் பழைய சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தயங்கியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவர் தயங்காமல் எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

உங்கள் அப்பாவின் நோய்க்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமெல் என்ற புற்றுநோய் மருத்துவரின் குழு செய்தது, 2010-இல் வெளிவந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் என்று புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 74 பேருக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. மற்ற 77 பேருக்கு அதே சிகிச்சையோடு, நோய் தெரிந்த சில வாரங்களுக்குள்ளேயே தணிப்புச் சிகிச்சைக் குழுவையும் சேர்த்தார்கள். மாதம் ஒரு முறையாவது அந்தக் குழுவைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டாவது குழுவினரின் அன்றாட வாழ்க்கை மேம்பட்டிருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் முதல் குழுவில் 38 விழுக்காட்டினருக்கு இருந்தன. இரண்டாவது குழுவில் 16 விழுக்காட்டினருக்கு மட்டுமே. கடைசி நாட்களில் தீவிரச் சிகிச்சைகளால் அலைக்கழிக்கப்பட்டவர்களும் அவர்களில் குறைவு. யாரும் எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்தார்கள். நடுநிலை அளவாக, அதாவது குழுவில் பாதிப் பேர் கடந்த காலமாகச் சொன்னால், முதல் குழு 8.9 மாதம், இரண்டாவது குழு 11.6 மாதம்.

இதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள், ஆனால் அளவோடு சொல்லுங்கள். பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை. டொரண்டோவில் 461 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மூன்றாம் மாதத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. நான்காம் மாதத்தில்தான் வாழ்க்கைத்தரம் தெளிவாக உயர்ந்தது. ஆகவே ‘அங்கே போனால் மூன்று மாதம் கூடக் கிடைக்கும்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஆயுள் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. வாழ்க்கைத்தரம் உயர்கிறது, நோயின் தொல்லைகள் ஓரளவு குறைகின்றன. இந்த இரண்டை மட்டும் நம்பி எடுத்துச் செல்லலாம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2016-இல், முற்றிய புற்றுநோய் தெரிந்த எட்டு வாரங்களுக்குள் தணிப்புக் குழுவைச் சேர்க்க வேண்டும் என்று தன் வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது. கீமோவோடும் கதிர்வீச்சோடும் சேர்த்து, நோயின் தொடக்கத்திலேயே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2002-இலேயே சொல்லியிருந்தது.

கீமோவை நாங்கள் நிறுத்துவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. ஆரம்பித்த சிகிச்சையை முடிக்க வைப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி.

எங்களிடம் ஒரு தையல்காரர் வந்தார். கன்னத்தில் புற்று. அறுவை சிகிச்சை முடிந்து, வேறொரு மருத்துவமனையில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தார். கதிர்வீச்சை நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான்காவது வாரத்தில் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால் கண்ணீர் வரும். கஞ்சியைக்கூட ஒரு கரண்டிக்கு மேல் இறக்க முடியவில்லை. ‘கரண்ட் வைத்தால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் போகாமல் இருந்துவிட்டார். பிறகு ஒரு வாரம். பிறகு போகவே இல்லை. மூன்று மாதம் கழித்து, கழுத்தில் நெறிகட்டியோடு எங்களிடம் வந்தார். அளவெடுக்கும் நாடா அப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. வாய், தொண்டைப் புற்றுகளில் கதிர்வீச்சை இடையில் விட்டால், நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். அந்த நான்காவது வாரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது சரியான வலி மருந்தும், வாயை மரத்துப்போக வைக்கும் திரவமும், சில வாரங்களுக்கு ஒரு மூக்குக் குழாயும்தான். இவை அபூர்வமான சிகிச்சைகள் இல்லை. ஒருவர் உட்கார்ந்து, ‘எதனால் வரவில்லை?’ என்று கேட்டிருந்தால் போதும். அவருக்கு வந்தது குணமாகும் வாய்ப்பிருந்த புற்று. தணிப்புச் சிகிச்சை முற்றியவர்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அளவு நாடாதான் ஞாபகத்துக்கு வரும்.

இனி உங்கள் அப்பாவின் இடுப்பு. எலும்பில் பரவிய புற்றுநோயின் வலி, அசையும்போது குத்தும், ராத்திரியில் தோண்டும். உங்கள் கடிதத்தில் ‘அப்பா வலி என்று அதிகம் சொல்வதில்லை’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தத் தலைமுறை ஆண்கள் சொல்ல மாட்டார்கள். ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்றால் விழிப்பார்கள். நான் வேறு மாதிரி கேட்பேன்: ‘நோய் வந்த புதிதில் இருந்த வலி ஒரு ரூபாய் என்றால், இன்றைக்கு எத்தனை பைசா?’ உடனே பதில் வரும். ‘எழுபத்தைந்து பைசா இருக்கும், ராத்திரியில் ஒன்றே கால் ரூபாய் ஆகிவிடும்.’ பிறகு, ‘எத்தனை மணிக்கு எழுந்து உட்காருகிறீர்கள்?’ என்று கேட்டால் மீதிக் கதை வந்துவிடும். நீங்களும் வீட்டில் இப்படிக் கேட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் நாள் எங்கள் அறைக்கு வரும்போது அந்த நோட்டைவிட உபயோகமானது வேறில்லை.

எலும்பு வலிக்கு மாத்திரை மட்டும் வழியில்லை. வலிக்கும் இடத்துக்கு ஒரே ஒரு நாள், 8 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்தால், பத்தில் ஆறு பேருக்காவது வலி குறையும். பல நாள் அலைந்து வாங்கும் கதிர்வீச்சுக்கு நிகராக அது வலியைக் குறைக்கும். சிலருக்குப் பின்னால் ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டிவரலாம், அவ்வளவே. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் சில நாள் வலி சற்றுக் கூடவும் செய்யலாம். இது உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா என்று இரண்டு மருத்துவர்களிடமும் கேளுங்கள்.

முதுகெலும்பிலும் பரவியிருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். நடக்கும்போது கால் திடீரென்று தளர்ந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதுபோல் இருந்தாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, இருமும்போது முதுகுவலி பட்டை கட்டியதுபோல் சுற்றி வந்தாலோ, அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதற்கான அடையாளங்கள் இவை. நடந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். கால் முற்றிலும் விழுந்த பிறகு தொடங்கினால் அது திரும்பி வருவது அபூர்வம். ‘பலவீனத்தால் கால் தள்ளாடுகிறது, சத்து மாத்திரை கொடுப்போம்’ என்று வீட்டில் நான்கு நாள் வைத்திருந்து, பிறகு கட்டிலோடு போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சீக்கிரமே எங்களைத் தெரிந்துவைத்திருந்த குடும்பங்கள் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடும். அந்த ஒரு போனில் ஒருவரின் கால் பிழைத்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கையோடு சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை, டைக்ளோஃபெனாக் போன்றவற்றை, கீமோ காலத்தில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் ஏற்கெனவே சிறுநீரகத்துக்குச் சுமை. அதன்மேல் இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகி, அடுத்த கீமோவே தள்ளிப்போகும். வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். மார்ஃபினுக்குப் பயந்து இந்த மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கி, கடைசியில் இவற்றால் ஆபத்துக்குப் போனவர்கள் உண்டு.

மார்ஃபினுக்கு வருவோம். அண்ணனின் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதல் நாளே எல்லோருக்கும் மார்ஃபின் கொடுப்பதில்லை. வலியின் அளவுக்கு ஏற்ப மருந்தைப் படிப்படியாக உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்தது. அது இன்றும் எங்களுக்கு அடிப்படை. தேவைப்பட்டால் சிறிய அளவில் தொடங்குவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருக்கும். பல வாரமாகத் தூங்காதவர் வலி விட்டதும் தூங்குவார். அதைப் பார்த்து வீட்டார் பயந்துபோவார்கள். பிறகு தெளிந்துவிடும். குமட்டல் சிலருக்கு வரும், அதுவும் சில நாளில் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். வலி போனாலும், ஐந்து நாள் வெளிக்குப் போகாமல் தவித்தவர், ‘அந்த மாத்திரையே வேண்டாம்’ என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

அடிமையாகிவிடுவாரா? மருத்துவர் சொன்ன அளவில், புற்றுநோய் வலிக்காகச் சாப்பிடுபவர்களுக்கு அப்படி ஆவது அரிது. உடம்பு அதற்குப் பழகியிருக்கும், ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது; வலி குறைந்தால் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு மார்ஃபினை விட்டவர்கள் எங்களிடம் நிறையப் பேர் உண்டு. சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலருக்குச் சிறிய அளவு மார்ஃபின் மூச்சுத்திணறலையும் தணிக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும். அதனால் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். மாத்திரையை வீட்டில் பூட்டி வையுங்கள், மீந்தால் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த மாத்திரைக்கு நம் நாட்டில் ஒரு துயரமான சரித்திரம் உண்டு. மார்ஃபின் எடுக்கப்படும் அபினை மருத்துவத்துக்காக அரசு அனுமதியோடு பயிரிட்டு உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் நோயாளிக்கும் சேர்த்தே கதவைச் சாத்திவிட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். மருத்துவர்கள் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். 1997-இல் இவ்வளவு பெரிய நாட்டில் மருத்துவத்துக்குச் செலவான மார்ஃபின் மொத்தம் 18 கிலோ. எத்தனை லட்சம் பேர் கத்திக்கொண்டே இறந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் என் வயிறு கலங்குகிறது. கேரளத்தின் தணிப்புச் சிகிச்சை மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் விடாமல் போராடியதால் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ளலாம். சட்டம் மாறிவிட்டது. மருந்து எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள்தான் இன்னும் போதவில்லை.

வலிக்கு அப்பாலும் எங்கள் வேலை இருக்கிறது. ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய், கட்டி வெடித்துப் புண்ணாகியிருந்தது. கீமோவும் நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே சாம்பிராணிப் புகை. பண்டிகை நாளோ என்று நினைத்தேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, நாற்றத்தை மறைக்கக் காலையிலிருந்து இரவு வரை புகை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மா கடைசி அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவாராம். மூன்று வயதுப் பேரனை உள்ளே விட வேண்டாம் என்று அவரே உத்தரவு போட்டிருந்தார். புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்து, அதன்மேல் தூவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டினேன். மருமகளுக்கும் கற்றுக்கொடுத்தேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே மலிவான மாத்திரைதான்; நாற்றத்துக்குக் காரணமான கிருமிகளை அது கொல்லும். ஐந்தாம் நாள் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. பேரன் மடியில் உட்கார்ந்து அவர் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா, ‘இன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்’ என்றார்.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ‘முழு வலி’ என்று ஒன்றைச் சொன்னார். உடம்பின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தின் வலி, ‘எனக்கு ஏன் இப்படி’ என்று உள்ளே கேட்கும் வலி, எல்லாம் ஒன்றோடொன்று பின்னியது என்றார். அவர் முதலில் செவிலியராக இருந்து, பிறகு மருத்துவ சமூகப் பணியாளராகி, அதன்பிறகு மருத்துவம் படித்தவர். நான் அந்தச் சொல்லைப் படித்துத் தெரிந்துகொண்டது எப்போதோ. புரிந்துகொண்டது அந்த வீட்டின் கடைசி அறையில்.

உங்கள் அப்பாவுக்கு நோயின் பெயர் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் வீட்டார் மறைத்துவைப்பார்கள், ‘டாக்டர், அவரிடம் சொல்லிவிடாதீர்கள், உடைந்துவிடுவார்’ என்பார்கள். எங்கள் அறையில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். மகன் மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போவார். அவர் தலை மறைந்ததும் நோயாளி என் பக்கம் திரும்பி, ‘எனக்கு இது கேன்சர் என்று தெரியும் சிஸ்டர். பையனிடம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டான்’ என்பார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கடைசி வரை இருவரும் பேசாமலே இருந்துவிடுவார்கள். நிலப் பட்டா யார் பெயரில், வங்கியில் நாமினி யார், கடைசி மகளின் கல்யாணத்தை எப்போது வைப்பது, ஆஸ்பத்திரியிலா வீட்டிலா, குழாய் போடலாமா கூடாதா என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டிய பதில்கள். அவர் தெளிவாக, தெம்பாக இருக்கும் மாதங்களில்தான் அவை வரும். சீக்கிரம் வாருங்கள் என்று நான் சொல்வதற்கு வலியைவிடப் பெரிய காரணம் இதுதான். கடைசி வாரத்தில் அறிமுகமாகும் செவிலியரிடம் யாரும் மனத்தைத் திறக்க மாட்டார்கள். நான்கைந்து முறை வாய்ப்புண்ணுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து வாங்கிப் பழகியவரிடம்தான் திறப்பார்கள். முதல் சந்திப்பிலேயே யாரும் சாவைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டார்கள், பயப்பட வேண்டாம். அவர் கேட்கும்வரை காத்திருப்போம். கேட்டால் பொய் சொல்ல மாட்டோம்.

எங்கே போவது என்பதற்கு: பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ ‘வலி நிவாரணம் மற்றும் நோய் ஆதரவுச் சிகிச்சை’ என்று கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்தது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். அலைச்சல் குறையும். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வெளிநோயாளர் பிரிவாகத் தொடங்கி, ஊர்மக்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அளவுக்குக் கேரளம் வளர்த்த வழி இது. நம் பக்கமும் அது வேர்பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் மாத்திரை எழுதி அனுப்புவதோடு சரி. அப்படியானால் வேறு இடம் பாருங்கள். புற்றுநோய் மருத்துவர், ‘அங்கே போய்விட்டீர்கள் அல்லவா, இனி என்னிடம் வர வேண்டாம்’ என்ற தொனியில் பேசினால், ‘கீமோவுக்கு உங்களிடம்தான் வருவோம், வலிக்கு அவர்களிடம்’ என்று பணிவாக, அழுத்தமாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் எழுதும் மருந்துகள் ஒரே நோட்டில் இருக்கட்டும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வேண்டும். ஒருநாள் கீமோவால் பலனை விடத் துன்பம் அதிகம் என்ற நிலை வந்தால், அதை எடைபோட்டுப் பார்க்கவும் நாங்கள் உதவுவோம். முடிவு உங்கள் அப்பாவுடையது.

முதல் நாள் போகும்போது ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், நாட்டு மருந்து கொடுத்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மறைக்க வேண்டாம், திட்ட மாட்டோம். ராத்திரியில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, நம்பரை வாங்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள். அண்ணனை அவசியம் அழைத்துப் போங்கள். காத்திருக்கும் இடத்தில், தலைமுடி கொட்டி, கையில் கீமோ ஊசியின் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருப்பவர்களை அவர் ஒருமுறை பார்க்கட்டும்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ‘உங்கள் இடுப்பு வலிக்கும், ராத்திரி தூக்கம் வராததற்கும், மூச்சு வாங்குவதற்கும் பார்க்கிற டாக்டர். கீமோ டாக்டர்தான் அனுப்பியிருக்கிறார்’ என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறைக்குள் போனதும் நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, நீங்களும் அண்ணனும் சற்றுப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். எங்கே வலிக்கிறது என்பதை அவரே சொல்லட்டும்.